இன்னைக்கு என்ன கொழம்பு

கொல்லைப்பக்கம் யாரோ குமட்டி வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டதும் மாடத்தி ஒப்பாரியைப் பாதியில் விட்டுவிட்டாள். புருஷனை வைத்திருந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை முட்டி, "என்ன விட்டுப் போனீகளே" என்று இழுத்துக்கொண்டிருந்தவள், இழுத்ததை முடிக்காமலே எழுந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் மூக்கைச் சிந்துவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். சாவு வீட்டுக்கு அழ வந்தவர்கள் பாதிப் பேர் என்றால், பார்க்க வந்தவர்கள் மீதிப் பேர்.

முருங்கை மரத்தில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து நின்றாள் மகள் பாண்டிச்செல்வி. மதுரையில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். அப்பா போய்விட்டார் என்று விடியற்காலை போன் வந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஒன்பது மணிக்கு வந்து இறங்கியிருந்தாள். டீக்கடை வாளியில் வந்த வரக்காப்பியை ஒரு டம்ளர் குடித்திருக்கிறாள். மரத்தடியில் கிடந்ததும் அந்தக் காப்பிதான். வேறு ஒரு பருக்கைகூட இல்லை.

"என்னட்டி செய்யுது?"

"ஒண்ணுமில்லம்மா. பஸ்ல வந்தது."

பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. மாடத்தி மகளின் முதுகைத் தடவினாள். முதுகெலும்பு ஒவ்வொன்றும் விரலுக்குத் தட்டியது. பொங்கலுக்கு வந்தபோது தைத்த சுடிதார், இப்போது தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. உதடு வெளுத்து, வாயோரம் வெடித்திருந்தது.

"காப்பி ஒத்துக்கிடலையோ?"

பின்வாசலில் செல்வலட்சுமி நின்றாள். இறந்துபோன கோட்டைச்சாமிக்கு அக்கா. எம். புதுப்பட்டியில் ஒரு காலத்தில் இவள் கைப்பட்டுப் பிறந்த பிள்ளைகள் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. இப்போது எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள். ஆனாலும் ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, எத்தனை மாசம் என்று சொல்லும் பழக்கத்தை மட்டும் அவள் விடவில்லை. காப்பியைப் பற்றிக் கேட்டது வாய்தான். கண் பிள்ளையின் கழுத்துக் குழியில் தொடங்கி வயிற்றில் போய் நின்றது.

"பித்தம் மதினி. வெறும் வயித்துல குடிச்சிருக்கா."

"இன்னைக்கு இந்த வீட்டுல எல்லாருக்கும் வெறும் வயிறுதான் மாடத்தி. வேற யாரும் வாந்தி எடுக்கக் காணோமே."

அது உண்மை. பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது. எடுக்கிற வரைக்கும் வீட்டு ஆட்கள் பல்லில் சோறு படக் கூடாது. எடுப்பதற்கோ மகன் கதிரவன் வர வேண்டும். அவன் எர்ணாகுளத்தில் பரோட்டா மாஸ்டர். செங்கோட்டை தாண்டிவிட்டதாக இப்போதுதான் போன் வந்தது. வந்து சேர மத்தியானம் இரண்டு மணி, இரண்டரை ஆகும்.

மாடத்தி மகளின் வாயைக் கழுவிவிட்டு உள்ளே கூட்டி வந்தாள். பெண்கள் பார்வையை ஐஸ் பெட்டிக்குத் திருப்பிக்கொண்டார்கள். அழுகை மறுபடி ஆரம்பித்தது. ஆனால் மாடத்திக்கு அழ வரவில்லை. நெஞ்சுக்குள் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பெயரை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

போன வருஷம் மேலத்தெருப் பிள்ளை ஒருத்தி காலேஜில் மயங்கி விழுந்தாள். என்ன ஏது என்று யாரும் விசாரிக்கவில்லை. பத்தே நாளில் தூரத்து ஊரில் ஒரு இரண்டாந்தாரக்காரனுக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் பெயரை இப்போது அவள் வீட்டிலேயே சொல்வதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஊர் முழுக்க இன்றைக்கு இந்தப் பந்தலுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தது. கதிரவனோ கோபக்காரன். தங்கச்சி படிக்கட்டும் என்று பத்தாவதோடு நின்று அடுப்படியில் வெந்தவன். அவன் காதில் இப்படி ஒன்று விழுந்தால் பேச்சோடு நிற்குமா? இன்றைக்கு ஒரு பிணம்தான் போகப்போகிறதா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. உடனே தலையை உதறிக்கொண்டாள்.

ஐஸ் பெட்டிக்குள் கோட்டைச்சாமி வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தான். கட்டாவிட்டால் இந்நேரம் கேட்டிருப்பான், "சாப்பிட்டியா தாயி? என்ன கொழம்பு?" என்று.

அவனுக்கு மகளிடம் பேசுவதற்கு வேறு விஷயமே கிடையாது. தீபாவளி முடிந்த கையோடு மூச்சு வாங்கிப் படுத்தவன், அதற்குப் பிறகு பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறவில்லை. மாடத்தி மட்டும் சரவெடி பின்னப் போய்வந்தாள். சாயங்காலம் விளக்கு வைத்ததும் போனை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்வான். மகள் ஒவ்வொன்றாகச் சொல்வாள். இன்னைக்குச் சாம்பார்ப்பா, வெண்டைக்காப் பொரியல். இன்னைக்குப் புளிக்கொழம்பு, அப்பளம். புதன்கிழமை என்றால் முட்டை. அதை அவன் அப்படியே மாடத்திக்கு ஒப்பிப்பான்.

"கேட்டியா, அவியலாம்! உனக்கு அவியல் வைக்கத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, கஞ்சியைச் சிரித்துக்கொண்டே குடிப்பான்.

பொங்கலுக்கு வந்தபோதுதான் பாண்டிச்செல்வி அந்தச் செய்தியைச் சொன்னாள். "ஸ்காலர்ஷிப் வந்துருச்சுப்பா. இனிமே மெஸ்ஸுக்கு நீங்க ஒண்ணும் அனுப்ப வேண்டாம்." அன்றைக்குக் கோட்டைச்சாமி மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று டீக்கடை வரை நடந்துபோய், "எம் மகளுக்குக் கவர்மெண்டே சோறு போடுது" என்று சொல்லிவிட்டு வந்தான்.

நேற்றுச் சாயங்காலம் கோழிக்குழம்பு. இரண்டு துண்டு போட்டார்களாம். அதைக் கேட்டுவிட்டுப் பாதிக் கஞ்சி குடித்துப் படுத்தவன், காலையில் எழுப்பினபோது சில்லிட்டுப் போயிருந்தான்.

மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். தெருமுனையில் கம்பெனி வேன் இரண்டாவது தடவையாக வந்து ஹாரன் அடித்தது. சாவு ஒரு பக்கம் என்றால் ஆர்டர் ஒரு பக்கம். நாலைந்து பெண்கள் ஐஸ் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "மன்னிச்சுக்க மாடத்தி" என்று கிளம்பிப் போனார்கள். மீதி இருந்தவர்கள் எழுந்து வட்டமாக நின்று, ஒருத்தி தோளில் ஒருத்தி ஒரு கையைப் போட்டு, மறுகையால் மாரடிக்கத் தொடங்கினார்கள். பாண்டிச்செல்வியையும் நடுவில் இழுத்துக்கொண்டார்கள். இரண்டு சுற்று வந்தாள். மூன்றாவது சுற்றில் கண் செருகி அப்படியே சரிந்தாள்.

"பிள்ள விழுந்துட்டா! தண்ணி கொண்டாங்க!"

தண்ணீர் வருவதற்குள் செல்வலட்சுமி வந்துவிட்டாள். பிள்ளையின் தலையை மடியில் வைத்து, மணிக்கட்டை மூன்று விரலால் பிடித்தாள். மேளம் ஓயவில்லை. செல்வலட்சுமி வாயைத் திறந்து என்ன சொல்லப்போகிறாளோ என்று எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். தெய்வமே, அந்தச் சொல் இவள் வாயில் வரக் கூடாது என்று மாடத்தி வேண்டிக்கொண்டாள். நேற்று இந்நேரம் புருஷன் உயிருக்குக்கூட அவள் இப்படி வேண்டிக்கொள்ளவில்லை.

செல்வலட்சுமி கையை விட்டாள்.

"அப்பன் போன அதிர்ச்சி," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பிறகு மாடத்தியின் காதருகே குனிந்தாள். "நாடி சரியில்ல. எந்தம்பி நல்லபடியாப் போய்ச் சேரட்டும். பெறகு பேசிக்கிடுவோம்."

பேசிக்கிடுவோம் என்றால் என்ன பேச்சு? மாடத்தி மகளைப் பின்னறையில் படுக்க வைத்துவிட்டு வந்து ஐஸ் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பந்தலுக்குக் கீழே சித்திரை வெயில் கொதித்தது. பெண்கள் தலைகள் இரண்டு இரண்டாகச் சேர்ந்து பிரிந்தன. அவர்கள் எதைப் பேசினாலும் அது தன் மகளைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

மணி இரண்டாகப் போகும்போது பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர, நீர்மாலைக்கு ஆண்கள் தயாரானார்கள். "வாய்க்கரிசி எங்க? எடுத்து வைங்க," என்று வெளியே இருந்து குரல் வந்தது. காலையிலேயே செல்வலட்சுமி தம்பிக்கென்று தன் வீட்டுப் பச்சரிசியை ஓலைக்கொட்டான் நிறையக் கொண்டுவந்து பின்னறையில் வைத்திருந்தாள். மாடத்தி அதை எடுக்கப் போனாள்.

பின்னறை இருட்டாக இருந்தது. நொறுக் நொறுக் என்று ஒரு சத்தம். எலி என்றுதான் நினைத்தாள். கண் பழகியதும் தெரிந்தது. பாண்டிச்செல்வி படுக்கவில்லை. சுவரைப் பார்த்துக் குந்தி உட்கார்ந்து, கொட்டானை மடியில் வைத்து அரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். கொட்டானில் பாதி காலி.

இந்தப் பிள்ளையை வயிற்றில் சுமந்தபோது மாடத்தியும் இப்படித்தான் பச்சரிசியை முந்தியில் முடிந்துகொண்டு தின்றாள். "பொறக்கப்போறது கோழிக்குஞ்சுதான்" என்று கோட்டைச்சாமி கேலி செய்வான். மசக்கைக்காரிக்குப் பச்சரிசியும் சாம்பலும் கேட்கும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுவும் எந்த அரிசி! அப்பன் வாயில் போட வைத்திருந்த அரிசி.

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"தலைக்குக் குளிச்சு எத்தன மாசமாட்டி ஆச்சு?"

பாண்டிச்செல்வி வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தாள்.

"கேக்கேன்ல? எத்தன மாசம்?"

"ரெண்டு."

மாடத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து மகளின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த சத்தம் வெளியே கேட்டிருக்குமோ என்று பயந்து, முந்தானையைத் தன் வாயில் திணித்துக்கொண்டாள்.

"யாரு அவன்? உங்கண்ணன் வாரதுக்குள்ள சொல்லிரு. அவன் வெட்டிப் போட்டுருவான்ட்டி. உன்ன எங்கனயாச்சும் அனுப்பிருதேன், எந்த ஊருக்காச்சும்…"

பாண்டிச்செல்விக்கு அப்போதுதான் அம்மா என்ன கேட்கிறாள் என்று விளங்கியது.

"எம்மா! நீ நெனைக்கிறது இல்லம்மா. எனக்குப் பசிக்குது."

"பசியா?"

"பசிதாம்மா. தாங்க முடியல. அப்பா அங்கன கெடக்காக, எனக்குப் பசிக்குதும்மா." சொல்லிவிட்டு, காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், உதட்டில் ஒட்டிய அரிசியோடு அழுதாள்.

"பொய் சொல்லாத. பெறகு ஏன் ரெண்டு மாசம்?"

"காலேஜுல எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பாத்தாக. எனக்கு ரத்தமே இல்லன்னு நர்சம்மா ஏசுனாக. ஒழுங்காச் சாப்பிட்டாத்தான் அதுவும் வரும்னாக. எங்கூடப் படிக்கிற சினேகாவுக்கும் அப்பிடித்தான். அவ வீட்டுல இருந்து கொண்டார சோத்து டப்பாவத்தான் ரெண்டு பேரும் பாதிப் பாதி தின்போம். இப்பிடி எம்புட்டோ பேரு இருக்காகம்மா. யாரும் வெளிய சொல்ல மாட்டாக."

"மெஸ்ஸு?"

"பொங்கலோட நிறுத்திட்டேன். ஹாஸ்டல்ல ரூமு மட்டும் போதும்னு எழுதிக் குடுத்துட்டேன். ஸ்காலர்ஷிப் காலேஜ் பீஸுக்கே சரியாப் போச்சு. மத்தியானம் கோயில் அன்னதானத்துல போய் வரிசையில நிப்பேன். இப்பப் பரீட்சை நடக்குது, சினேகாவும் டப்பா கொண்டாரதில்ல. வரிசையில நின்னா ஹாலுக்கு நேரத்துக்குப் போக முடியாது. முந்தாநேத்து ஒரு பன்னு தின்னேன். அதுக்குப் பெறகு தண்ணிதான்."

மாடத்திக்கு ஒரு நீண்ட மூச்சு வந்தது. பிள்ளை பட்டினி கிடந்தாள் என்று கேட்டு எந்தத் தாய்க்காவது நிம்மதி வருமா? இவளுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே அது போய், அந்த இடத்தில் இன்னொரு பயம் வந்து நின்றது. இது முதல் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அந்த மதுரை வெயிலில், எந்தத் தெருவிலாவது, எந்தப் பஸ்ஸுக்கு முன்னாலாவது இவள் விழுந்திருந்தால்? இன்றைக்கு ஐஸ் பெட்டிக்குள் யார் கிடந்திருப்பார்கள்? மாடத்தியோ, அவலை நினைத்து வெறும் உரலை இடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்ப, தெனமும் கொழம்பு சொன்னியே? அவியல்னு சொன்னியே?"

"மெஸ் வாசல்ல போர்டுல எழுதிப் போடுவாகம்மா. அதப் பாத்துச் சொல்லுவேன்."

"நேத்துக் கோழி?"

"நேத்துப் போர்டுல கோழிதாம்மா போட்டிருந்துச்சு."

ஸ்காலர்ஷிப் என்று மகள் சொன்ன அன்றைக்கு, எந்தக் காகிதத்தையும் காட்டு என்று மாடத்தி கேட்கவில்லை. யாரிடமும் விசாரிக்கவும் இல்லை. நம்புவது வசதியாக இருந்தது, நம்பிவிட்டாள். அதை இனி அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். சாகும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அவள் எழுந்து அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் கைவிட்டுத் தூக்குச்சட்டியை எடுத்தாள். நேற்று ராத்திரி கோட்டைச்சாமி குடித்து மிச்சம் வைத்த கஞ்சி. உயிர் போனதும் வீட்டிலிருந்த சோறு தண்ணீரை எல்லாம் தெருவில் கொட்டியாயிற்று. பதற்றத்தில் இது மட்டும் தப்பிவிட்டது. லேசாகப் புளித்திருந்தது. கூடையிலிருந்து ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்து உரித்தாள்.

"குடி."

"இன்னும் எடுக்கலையேம்மா. அப்பாவுக்கு ஆகாதும்மா."

"உங்கப்பாவுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு எனக்குத் தெரியும். குடிட்டி."

பாண்டிச்செல்வி தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்தபோது கதவு தட்டப்பட்டது.

"மாடத்தி! கதவத் தெற. உள்ள ஆத்தாளும் மகளும் என்ன செய்யுதீக?"

செல்வலட்சுமியின் குரல். அவளுக்குப் பின்னால் ஊர் நின்றாலும் நிற்கும். பிள்ளை பயந்து சட்டியை இறக்கினாள். மாடத்தி அதை மறுபடி அவள் வாய்க்கு உயர்த்திவிட்டு, போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான் திறந்தாள்.

செல்வலட்சுமி உள்ளே வந்து பார்த்தாள். கஞ்சி வழியும் தாடை. பாதியான கொட்டான். கீழே சிந்திக் கிடந்த அரிசி.

"மாசமில்ல மதினி," என்றாள் மாடத்தி. "எம் பிள்ள பட்டினி. பொங்கல்ல இருந்து அரைப் பட்டினி, ரெண்டு நாளா முழுப் பட்டினி. நீங்க போய்ப் பந்தல்ல சொன்னாலும் சரி, எடுக்குற முன்ன சோறு தின்ன வச்சுட்டான்னு என்ன ஏசுனாலும் சரி. அவ குடிச்சு முடிக்காம நான் கொட்டானத் தூக்க மாட்டேன்."

செல்வலட்சுமி குனிந்து பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தாள். இந்தத் தடவை கையை விட வெகுநேரம் ஆயிற்று. கண்ணை மூடித் திறந்தாள்.

"மெல்லக் குடி தாயி. அவசரமாக் குடிச்சாப் பெரட்டிரும்," என்றாள்.

வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். இரண்டு பெண்கள் என்னவென்று எழுந்து வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் தலையிலடித்துக்கொண்டு, "எங்கூடப் பொறந்த பொறப்பே" என்று பெருங்குரல் எடுத்து அழ ஆரம்பித்துவிட்டாள். வந்தவர்களும் அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். அந்த அழுகைச் சத்தத்தில் கதவுக்கு உள்ளே வெங்காயம் கடிபடும் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

கதிரவன் இரண்டரைக்கு வந்தான். பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து அப்பன் காலைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நீர்மாலை வந்தது. குளிப்பாட்டினார்கள். கோடித்துணி போர்த்தினார்கள். அண்ணன் கண்ணில் படாமல் பாண்டிச்செல்வி தூணை ஒட்டி நின்றாள். இன்னும் பல பேர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாளைக்கும் பார்ப்பார்கள். அடுத்த பரீட்சை நாளை மறுநாள். அதற்கு அவள் போக வேண்டும் என்று மாடத்தி முடிவு செய்திருந்தாள். எப்படி, எதைத் தின்றுவிட்டு என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

"வாய்க்கரிசி போடுறவுக வாங்க!"

செல்வலட்சுமி கொட்டானை யார் கையிலும் கொடுக்கவில்லை. இடுப்பில் இடுக்கி, முந்தானையால் பாதி மூடிக்கொண்டாள். பங்காளி ஒருவர் வழக்கம்போலக் கையைக் குவித்து உள்ளே விட்டார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"பிடிப்பிடியா அள்ளாதீக. ஆளுக்கு ரெண்டு மணி போட்டாப் போதும். எந்தம்பி என்னைக்கு அதிகமாத் தின்னான்?"

எல்லோரும் இரண்டு இரண்டு மணியாகப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

மகள் முறை வந்தது. மாடத்தி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூட்டிப் போனாள். வாய்க்கட்டை அவிழ்த்திருந்தார்கள். பாண்டிச்செல்வி விரல் நுனியில் அரிசியை வைத்துக்கொண்டு, அப்பாவின் காதுக்கு அருகே குனிந்தாள். தினமும் சாயங்காலம் போனில் பேசுகிற அதே குரல்.

"சாப்பிட்டேம்ப்பா. கஞ்சி. வெங்காயம் கடிச்சுக்கிட்டேன்."

அரிசியை வாயில் போட்டாள். ஒரு மணி மட்டும் விழாமல் அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மாடத்தி அதை எடுத்துப் புருஷனின் உதட்டில் வைத்தாள்.